காற்றுக்குழாயில்லாக் குளிரூட்டி: இயங்கும் முறையும் மின்சிக்கனக் கணக்கும்

ஆய்வுச் சுருக்கம்

சுவரில் பொருத்தப்படும் ஸ்பிளிட் வகைக் குளிரூட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அதன் மின்சிக்கனம் எந்த இயற்பியல் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. ‘காற்றுக்குழாய் இல்லாமையால் மின்சாரம் மிச்சமாகிறது’ என்னும் கூற்று அமெரிக்க வீடுகளின் அமைப்பிலிருந்து பிறந்தது. அது தமிழக வீடுகளுக்கு அவ்வாறே பொருந்தாது. இங்குச் சிக்கனம் அமுக்கியின் வேகக் கட்டுப்பாடு, சுருள்களின் வெப்பநிலை வேறுபாடு, காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றைப் பொறுத்தது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: குளிரூட்டி, அமுக்கி, உள்ளுறை வெப்பம், செயல்திறன் குணகம், இன்வெர்ட்டர், நட்சத்திரக் குறியீடு, ஈரப்பதம்

முன்னுரை

குளிரூட்டி பற்றித் தமிழில் கிடைக்கும் எழுத்துகளுள் பெரும்பகுதி விளம்பரத்தைச் சார்ந்தது. எஞ்சியதில் கணிசமான பகுதி ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. மொழிபெயர்க்கும்போது சொற்களோடு அவற்றுக்குப் பின்னுள்ள வீட்டமைப்பும் தட்பவெப்பமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ‘டக்ட்லெஸ்’ என்னும் அடைமொழி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காற்றுக்குழாய் இருந்த இடத்தில்தான் ‘குழாயில்லாதது’ என்னும் சொல்லுக்குப் பொருளுண்டு. தமிழக வீட்டு அறைகளில் பெரும்பாலும் அக்குழாய் இருந்ததே இல்லை. இங்கு முன்பு சன்னலில் பொருத்தும் பெட்டி இருந்தது. அதன் இடத்தைப் பின்னர் ஸ்பிளிட் பிடித்துக்கொண்டது. ஆகவே எதனோடு எதை ஒப்பிட்டுச் ‘சிக்கனம்’ என்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது முதல் தேவையாகிறது.

குழாயின் வரலாறு

1902ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்திற்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பே நவீனக் குளிரூட்டலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதன் நோக்கம் மனிதர்க்குக் குளிர்ச்சி தருவதன்று. தாள் ஈரத்தால் விரிந்து வண்ண அச்சு பிசகுவதைத் தடுப்பதே. குளிரூட்டி பிறந்ததே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான் என்பது நம் கடற்கரை நகரங்களைப் பற்றிப் பேசும்போது நினைவிற்கொள்ளத்தக்கது.

அமெரிக்க வீடுகளில் குளிர்காலத்திற்கெனச் சூடான காற்றைக் கொண்டுசெல்லும் தகரக் குழாய்கள் பரவலாக இருந்தன. கோடைக்கான குளிர்காற்றும் அதே குழாய்களில் ஏறியது. அக்குழாய்கள் பெரும்பாலும் கூரைக்கும் மச்சுக்கும் இடைப்பட்ட, வெயிலில் கொதிக்கும் வெற்றிடத்தின் வழியே செல்கின்றன. இணைப்புகளில் காற்று கசிகிறது. குழாயின் சுவர் வழியே வெப்பம் புகுகிறது. இத்தகைய அமைப்பில் குழாய் இழப்பு மொத்த ஆற்றல் செலவில் 30 விழுக்காட்டிற்கும் மேற்படக்கூடும் என அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. குழாயை நீக்கினால் அவ்விழப்பு நீங்கும். ‘டக்ட்லெஸ் சிக்கனமானது’ என்னும் வாதத்தின் உயிர்நிலை இதுவே.

ஜப்பானின் நிலை வேறு. சிறிய வீடுகள், மெல்லிய சுவர்கள், குழாய் செலுத்த இடமில்லாத கூரைகள். ஓசையிடும் அமுக்கியை வெளியே வைத்து, மெலிந்த பெட்டியொன்றை மட்டும் உள்ளே மாட்டும் முறை அங்கு 1960களில் வளர்ந்தது. 1982இல் டைகின் நிறுவனம் ஒரே வெளியகப் பெட்டியோடு பல உள்ளகப் பெட்டிகளை இணைக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. இன்று அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில் காணப்படுவது அதன் வழிவந்ததே. இந்தியாவிற்கு வந்து சேர்ந்தது இந்த ஜப்பானிய மரபு. இழக்கக் குழாயே இல்லாத வீட்டில் ‘30 விழுக்காட்டு மிச்சம்’ என்பதற்கு இடமில்லை.

இயங்கும் முறை

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. நீர் தானாகப் பள்ளம் நோக்கி ஓடுவதைப்போல வெப்பமும் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கே செல்லும். அதை எதிர்த்திசையில் செலுத்த வேலை செய்ய வேண்டும். கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை ஆழமானது. இறைக்கும் நீரின் அளவு மட்டுமன்றிக் கிணற்றின் ஆழமும் உழைப்பைத் தீர்மானிக்கிறது. அதுபோன்றே இங்கு வெப்பநிலை வேறுபாடு மின்செலவைத் தீர்மானிக்கிறது.

வெப்பத்தைச் சுமப்பது குளிர்பதனப் பாய்மம். மெக்கானிக்குகள் இதனைக் ‘கேஸ்’ என்பர். ஆனால் அது பாதிவழி நீர்மமாகவும் பாதிவழி வளிமமாகவும் பயணம் செய்கிறது. அம்மாற்றமே அதன் பயன். இன்று இந்திய வீடுகளுக்கான குளிரூட்டிகளில் பரவலாக உள்ள ஆர்-32 என்னும் பாய்மம் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 52 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை ஏற்றினால் கொதிநிலையும் ஏறும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு அழுத்தத்தில் அது 10 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 31 மடங்கு அழுத்தத்தில் 50 டிகிரியில் கொதிக்கும். குளிரூட்டியின் சூழற்சி முழுவதும் இவ்விரு எண்களுக்கிடையே நிகழ்கிறது.

உள்ளகப் பெட்டியிலுள்ள சுருளில் பாய்மம் குறைந்த அழுத்தத்தில், 10 டிகிரி அளவில் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை, உருளை விசிறி இழுத்துவரும் அறைக்காற்றிலிருந்து பெறுகிறது. அந்த ஆவி செப்புக்குழாய் வழியே வெளியகப் பெட்டிக்குச் செல்கிறது. அங்குள்ள கம்ப்ரசர், அதாவது அமுக்கி, அதனை உயரழுத்தத்திற்கு ஏற்றுகிறது. 50 டிகிரியில் நீர்மமாகக்கூடிய நிலையை அடைந்த ஆவி, 38 டிகிரி வெயிலில் இருக்கும் வெளிக்காற்றுக்குத் தன் வெப்பத்தைத் தர இயலும். தந்து நீர்மமாகிறது. பின்னர் ஒரு நுண்குழாய் அல்லது விரிவு வால்வின் வழியே நெருக்கிச் செலுத்தப்படுகையில் அழுத்தம் சட்டென்று வீழ்ந்து, குளிர்ந்து, மீண்டும் உள்ளகச் சுருளை அடைகிறது.

இரு பெட்டிகளையும் இணைப்பவை விரல் பருமனுள்ள இரண்டு செப்புக்குழாய்கள், ஒரு மின்கம்பி, நீர் வடியும் ஒரு குழாய் ஆகியவை. சுவரில் இவற்றுக்கு வேண்டியது மூன்று அங்குலத் துளை. காற்றைக் கொண்டுசெல்வதற்குப் பதிலாகப் பாய்மத்தைக் கொண்டுசெல்வதுதான் இம்முறையின் உண்மையான மேன்மை. உள்ளுறை வெப்பத்தைச் சுமக்கும் பாய்மம், ஒரே அளவு வெப்பத்தைக் காற்றைக்காட்டிலும் மிகச்சிறு இடத்தில் கடத்திவிடுகிறது.

இச்சுழற்சி முற்றிலும் மூடியது. பாய்மம் பெட்ரோல்போல் எரிந்து தீர்வதில்லை. ‘ஆண்டுக்கொருமுறை கேஸ் நிரப்ப வேண்டும்’ என்னும் பரவலான நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. பாய்மம் குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

டன் என்னும் அளவு

குளிரூட்டியின் ஆற்றலை ‘ஒன்றரை டன்’ என்று கூறும்போது அது எடையைக் குறிப்பதாகக் கருதுவோர் உளர். அதில் எடை உண்மையிலேயே உள்ளது. ஆனால் அது பனிக்கட்டியின் எடை. 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்க்கும் வெப்பமே ஒரு டன். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும் என்பதால் இது ஏறத்தாழ 3.5 கிலோவாட் ஆகிறது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ், பிரெடரிக் டியூடரின் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து கப்பலேற்றிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்டது. படுக்கையறைச் சுவரில் தொங்கும் ஒரு டன் பெட்டி முழு ஆற்றலில் ஒருநாள் இயங்கினால், அத்தகைய பனிக்கட்டி ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைந்த அளவில் உருகிச் செய்யும் வேலையைச் செய்து முடிக்கிறது.

ஒன்றரை டன் பெட்டி 5.2 கிலோவாட் அளவில் வெப்பத்தை வெளியேற்றுகிறது; அது ஈர்க்கும் மின்சாரமோ ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட்தான். செலவிட்டதைவிட மூன்று மடங்குக்கு மேல் கிடைப்பது ஆற்றல் அழிவின்மை விதிக்கு முரணாகத் தோன்றலாம். முரணில்லை. மின்சாரம் வெப்பமாக மாற்றப்படவில்லை. இருக்கும் வெப்பத்தை நகர்த்தும் கூலியாக மட்டுமே செலவாகிறது. அக்கூலியும் இறுதியில் வெப்பமாகி, வெளியகப் பெட்டியிலிருந்து தெருவிற்கே போய்ச்சேர்கிறது.

சிக்கனத்தின் இயற்பியல்

அகற்றப்படும் வெப்பத்தைச் செலவிடும் மின்னாற்றலால் வகுத்தால் கிடைப்பது செயல்திறன் குணகம். இதற்கு இயற்கை விதித்த ஒரு மேல்வரம்பு உண்டு. உள்ளகச் சுருளின் தனிவெப்பநிலையை இரு சுருள்களுக்குமிடையிலான வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்தால் அவ்வரம்பு கிடைக்கும். உள்ளே 10 டிகிரி, அதாவது 283 கெல்வின்; வெளியே 50 டிகிரி. வேறுபாடு 40. எனவே வரம்பு 283/40, ஏறத்தாழ 7.1. உராய்வு, மோட்டார் இழப்பு, விசிறிகள் ஆகியவை போக நடைமுறையில் அதில் பாதியளவே கைக்கு வருகிறது.

அறையின் வெப்பநிலையையும் தெருவின் வெப்பநிலையையும் இங்கு எடுக்கவில்லை என்பதை நோக்குக. அவற்றை எடுத்தால் (24, 38) வரம்பு 21ஐத் தாண்டிவிடும். வெப்பம் பாய வேண்டுமானால் சுருள் அறையைவிடக் குளிர்ந்தும், வெளியகச் சுருள் வெயிலைவிடச் சூடாகவும் இருந்தாக வேண்டும். இவ்விரு இடைவெளிகளே இழப்பின் பெரும்பகுதி. சுருளின் பரப்பு கூடினால் இடைவெளி குறையும். ஐந்து நட்சத்திரப் பெட்டிகளின் வெளியகப் பகுதி பெரிதாகவும் கனமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

வெளியகச் சுருளின் வெப்பநிலை 50இலிருந்து 51 ஆனால் வரம்பு 6.9 ஆகக் குறைகிறது. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2.4 விழுக்காடு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குறுகிய காற்றிடைவெளிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டிகளை அடுக்குவதும், அழகிற்காக அவற்றை மரத்தட்டிகளால் மூடுவதும் எத்தகைய இழப்பு என்பதை இக்கணக்கால் அறியலாம். கீழ்ப்பெட்டி கக்கும் சூட்டை மேல்ப்பெட்டி உறிஞ்சுகிறது. சுற்றுக்காற்று 5 டிகிரி ஏறினாலே நட்சத்திரம் ஒன்று கைநழுவிப்போகும்.

‘இன்வெர்ட்டர்’: ஒரு சொல், இரு பொருள்

தமிழகத்தில் ‘இன்வெர்ட்டர்’ என்றவுடன் மின்தடையின்போது விளக்கெரிக்கும் மின்கலப் பெட்டியே நினைவிற்கு வருகிறது. ‘இன்வெர்ட்டர் ஏ.சி.’ என்பது மின்சாரம் போனாலும் ஓடும் என்று நம்பி வாங்கியோரும் உண்டு. இரண்டிலும் நேர்த்திசை மின்னோட்டத்தை மாறுதிசை மின்னோட்டமாக்கும் மின்னணுச் சுற்று இருப்பதால் பெயர் ஒன்றாயிற்று, பணி வேறு. குளிரூட்டியில் அச்சுற்று, வீட்டிற்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முதலில் நேர்த்திசையாக்கி, பின்னர் வேண்டிய அதிர்வெண்ணில் அமுக்கியின் மோட்டாருக்கு அளிக்கிறது. அதிர்வெண் மாறினால் மோட்டாரின் வேகம் மாறும்.

பழைய நிலைவேக அமுக்கிக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: முழு ஓட்டம், முழு நிறுத்தம். நின்றபின் இருபக்க அழுத்தங்களும் சமமாகிவிடுகின்றன. மீண்டும் தொடங்குகையில் அவ்வேறுபாட்டைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டும். இவ்விழப்பு ஒருபுறமிருக்க, இன்வெர்ட்டரின் பெரும்பயன் வேறிடத்தில் உள்ளது. விளம்பரங்கள் அதனைக் கூறுவதில்லை. அமுக்கி பாதி வேகத்தில் ஓடும்போது கடத்த வேண்டிய வெப்பமும் பாதியாகிறது. சுருள்களின் பரப்போ அப்படியே இருக்கிறது. பாதி வெப்பத்திற்கு முழுப்பரப்பு. ஆகவே முன்கூறிய இடைவெளிகள் சுருங்குகின்றன. உள்ளகச் சுருள் 10க்குப் பதில் 14 டிகிரியிலும், வெளியகச் சுருள் 50க்குப் பதில் 44 டிகிரியிலும் நின்றால் வரம்பு 287/30, ஏறத்தாழ 9.6 ஆக உயரும். கிணற்றின் ஆழமே குறைந்துவிடுகிறது.

இதிலிருந்து ஒரு விளைவு பெறப்படுகிறது. மின்னணுச் சுற்றும் சிறிது ஆற்றலை விழுங்குவதால், எப்போதும் முழுவேகத்தில் ஓட நேரும் இன்வெர்ட்டர் பெட்டிக்கு நிலைவேகப் பெட்டியைவிட மேன்மை ஏதுமில்லை. மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள பெரிய அறையில், மேற்கு வெயில் விழும் கண்ணாடிச் சன்னலோடு, ஒரு டன் பெட்டியை மாட்டினால் அது நாள் முழுதும் முழுவேகத்திலேயே ஓடும். கொடுத்த கூடுதல் விலை வீணாகும். அங்கு முதலில் குளிர வேண்டியது கூரை.

நட்சத்திரங்கள் சொல்வதும் சொல்லாததும்

இந்திய ஆற்றல் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடு, அறைக் குளிரூட்டிகளுக்கு 2018 சனவரி முதல் பருவகால ஆற்றல் திறன் விகிதத்தின் அடிப்படையில் கட்டாயமாக வழங்கப்படுகிறது. ஆண்டில் 1600 மணி நேரம், வெளிவெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை என்னும் பரவலை எடுத்துக்கொண்டு, மொத்தம் அகற்றும் வெப்பத்தை மொத்த மின்செலவால் வகுப்பது இம்முறை. பகுதிச்சுமையின் சிக்கனத்தைக் கணக்கில் கொள்வதால் இது பழைய முறையைவிட நேர்மையானது.

நட்சத்திரம் நிலையானதன்று. ஸ்பிளிட் வகையில் ஐந்து நட்சத்திரத்திற்கு 2018இல் 4.50 போதுமானதாக இருந்தது. 2022 சூலையில் அது 5.00 ஆக உயர்த்தப்பட்டது. 2018இன் ஐந்து, 2022இன் நான்கு. சன்னல் வகைக்கோ தனி அட்டவணை, தாழ்ந்த எல்லைகள். ஆதலால் ஐந்து நட்சத்திரச் சன்னல் பெட்டி ஐந்து நட்சத்திர ஸ்பிளிட்டுக்கு நிகராகாது. எண்ணைப் பார்க்காமல் விண்மீனை எண்ணுவது பயனற்றது.

எண்ணின் பொருள் இதுதான். ஓர் அறையிலிருந்து ஆண்டில் 4000 யூனிட் வெப்பத்தை அகற்ற வேண்டும் எனக் கொள்வோம். விகிதம் 3.8 உள்ள பெட்டி 1053 யூனிட் மின்சாரம் எடுக்கும், 5.0 உள்ளது 800. மிச்சம் 253 யூனிட். தமிழகத்தில் இரு மாதங்களுக்கொருமுறை படிநிலைக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். மேலேறுந்தோறும் யூனிட்டின் விலை கூடும். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் ஓரளவு பறிபோகும். விளக்கும் விசிறியும் கீழ்ப்படிகளை நிரப்பிவிட, குளிரூட்டியின் யூனிட்டுகள் உச்சிப்படியில் போய் அமர்கின்றன. எனவே மிச்சமாகும் 253 யூனிட்டைச் சராசரி விலையால் பெருக்குவது தவறு. அவ்வீட்டின் மேல்படி விலையால் பெருக்க வேண்டும்.

குறியீடு சொல்லாதது ஈரப்பதம். சோதனையில் உள்ளறை 27 டிகிரியிலும் குறித்த ஓர் ஈரநிலையிலும் வைக்கப்படுகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் குளிரூட்டியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றைக் குளிர்விப்பதற்கன்று. அதிலுள்ள நீராவியை நீராக்குவதற்கு. ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 2450 கிலோஜூல், அதாவது 0.68 யூனிட் வெப்பத்தை அகற்ற வேண்டும். ஒன்றரை டன் பெட்டியின் கால்பங்கு ஆற்றல் இதற்குச் சென்றால் மணிக்கு 1.9 லிட்டர் நீர் வடியும். வடிகுழாயின்கீழ் வைத்த வாளி ஒரே இரவில் நிரம்புவதன் கணக்கு இதுதான்.

இன்வெர்ட்டர் மெதுவாக ஓடும்போது உள்ளகச் சுருளின் வெப்பநிலை உயர்வது மின்சிக்கனத்திற்கு நல்லது. ஈரம் நீக்குவதற்கு நல்லதன்று. சுருள் பனிநிலைக்குக் கீழே இருந்தாலன்றி நீர் படியாது. கடற்கரை இரவுகளில் 26 டிகிரியிலும் அறை பிசுபிசுப்பதாகச் சிலர் குறைகூறுவதற்கும், அதனால் வெப்பநிலையை மேலும் குறைப்பதற்கும் இது ஒரு காரணம். 2020 சனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்ற பெட்டிகள் 24 டிகிரியைத் தொடக்க அமைப்பாகக் கொண்டு வருகின்றன. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சம் என்பது பணியகத்தின் கணிப்பு. 70 வாட் மின்விசிறியையும் உடன் ஓடவிட்டு 26 அல்லது 27இல் வைப்பது, தோலின்மீது காற்றோட்டம் தந்து, 24இன் இதத்தைப் பெரும்பாலும் தந்துவிடுகிறது. ‘டிரை’ என்னும் பொத்தான் ஈரம் மிக்க மழைக்கால இரவுகளுக்கென உள்ளது. அதனை அழுத்திப் பார்ப்போர் குறைவு.

கசிவின் கணக்கு

முந்தைய ஆர்-22 பாய்மம் ஓசோன் படலத்தைச் சிதைத்ததால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்பாட்டின்வழி விலக்கப்பட்டு வருகிறது. ஆர்-32 ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு புவியைச் சூடாக்கும். அதற்கு முன்னோடியான ஆர்-410ஏ 2088 மடங்கு. ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து 700 கிராம் ஆர்-32 வெளியேறினால் அது 470 கிலோ கரியமில வாயுவிற்குச் சமம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ எனக் கொண்டால், இது 670 யூனிட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்திற்கு ஈடாகிறது. முன்னர்க் கண்ட 253 யூனிட் மிச்சத்தை இரண்டரை ஆண்டுக்கு மேல் சேர்த்தாலும் ஒரு கசிவு அதனை விழுங்கிவிடும். செப்புக்குழாய் முனைகளைச் சரியாக விரித்து இறுக்குவதும், பாய்மத்தைத் திறந்துவிடும் முன் வெற்றிட எக்கியால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவதும் இதனால்தான் இன்றியமையாதவை. நேரமில்லை என்று பொருத்துவோர் இதைத் தவிர்ப்பதுண்டு. வாங்கியவர் அருகில் நின்று கேட்டுப்பெற வேண்டிய பணி இது.

புதுக்காற்று

காற்றுக்குழாய் அமைப்பிற்கு ஒரு நன்மை இருந்தது. வெளிக்காற்றில் ஒரு பங்கை வடிகட்டி உள்ளே கலக்க அதில் வழி செய்யலாம். சுவர்ப்பெட்டிகளில் மிகப்பெரும்பாலானவை அறையின் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகின்றன. இதனை அறியாதோர் பலர். 12 சதுரமீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள படுக்கையறையில் 36,000 லிட்டர் காற்று உள்ளது. உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார் எனில், இருவர் உறங்கும், காற்றே புகாத அறையில் அதன் செறிவு மணிக்குப் பத்து இலட்சத்தில் 670 பங்கு கூடும். வெளிக்காற்றில் இருப்பது 420 பங்கு அளவே. சன்னல் இடுக்குகள் இவ்வேகத்தைக் குறைக்கும். ஆயினும் ஐம்பது மாணவர் அமரும், நான்கு சுவர்ப்பெட்டிகள் பொருத்திச் சன்னல்களை அடைத்த வகுப்பறையை இடுக்குகள் காப்பாற்ற மாட்டா. பிற்பகல் வகுப்பில் மாணவர் தூங்கி வழிவதற்கு மதிய உணவை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

சன்னலைத் திறந்தால் மின்சாரம் வீணாகும் என்னும் அச்சம் எவ்வளவு உண்மை? மேற்கண்ட படுக்கையறையின் காற்று முழுவதையும் ஒருமுறை மாற்றுவதாகக் கொள்வோம். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு. உள்ளே 24 டிகிரி, 55 விழுக்காடு. அறைக்காற்றின் எடை 41 கிலோ. அதனை 6 டிகிரி குளிர்விக்க 250 கிலோஜூல். அதிலுள்ள மிகை நீராவி ஏறத்தாழ 400 கிராமை நீராக்க 1000 கிலோஜூல். கூடுதல் 1250 கிலோஜூல், அதாவது 0.35 யூனிட் வெப்பம். செயல்திறன் குணகம் 4 எனில் இதற்கு ஆகும் மின்சாரம் 0.09 யூனிட், அதிலும் ஐந்தில் நான்கு பங்கு ஈரத்திற்கே செல்கிறது.